கேக்காத ஏர் ஹாரன்

இன்னிக்கு நாமக்கல் பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் போன்ல பஸ் ஓட்டற கேம் ஆடிட்டு இருந்தார். நான் எட்டிப் பாத்ததும் அவரே ஆரம்பிச்சார்.

“ஏர் ஹாரன் மட்டும் கேக்கவே மாட்டேங்குதுங்க. கேம் குரூப்புல கேட்டேன், ஒரு அட்மினும் பதில் சொல்லலைங்க.”

புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்கற முதல் கேள்வி. அந்தக் குரூப்புல அட்மினா இருந்து வருசக்கணக்கா பதில் போட்டவன் நான். ஒரு நன்றி வந்ததில்ல. சலிச்சுப்போய் போன வாரம்தான் வெளிய வந்தேன்.

அதைச் சொல்லாம, போனை வாங்கி சரிபண்ணிக் கொடுத்தேன். ஹாரன் அலறுச்சு. எங்க பஸ் டிரைவர் கண்ணாடியில முறைச்சார்.

“ரொம்ப நன்றிங்க. உங்கள மாதிரி ஆளு குரூப்புக்கு வேணும்ங்க. நம்பர் சொல்லுங்க, சேத்தி உடறேன்.”

நன்றி சொன்ன முதல் ஆளாச்சே, நம்பரைச் சொல்லிட்டேன்.

உடனே வரவேற்பு மெசேஜ் வந்துச்சு: “புதுசா வந்தவங்க எதுனாலும் தயங்காம கேளுங்க.”

நான் எழுதி வெச்சதுதான். என்ன கேக்கலாம், சொல்லுங்க.