அழுத்தினால் நிற்கும் மூச்சு

எவ்வளவு அடிபட்ட கார் வந்து நின்றாலும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "பளபளன்னு ஆக்கிடலாம்" என்பார். அதனால் பட்டறையில் அவருக்குப் பளபளா என்றே பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். வண்டிக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பதிலும் வாய் ஓயாமல் பேசுவதிலும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பேரம் பேச வந்தவர், இவர் வண்டியின் நிறத்தைப் பற்றி ஆரம்பித்தால், வந்த காரியத்தையே மறந்துவிடுவார்.

கடைசியில் அந்தப் பேச்சிலேயே அடி விழுந்தது. முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு ஆயுள் முழுக்கப் பெயின்ட் புகைக்குள் நின்றவருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. இது முழுதாகப் போகாது, அடக்கி வைக்கலாம், பெயின்ட் பக்கம் மட்டும் இனித் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று சொல்லி, காலையும் மாலையும் இழுக்க டாக்டர் ஒரு இன்ஹேலர் கொடுத்தார்.

முதலாளி நல்ல மனுஷன். தெருவுக்கு எதிர்ப்பக்கம், வாடிக்கையாளர்கள் நிறம் தேர்ந்தெடுக்கவென்று புதிதாக ஒரு அறை போட்டிருந்தார். கண்ணாடிக் கதவு, பெயின்ட் வாடை எட்டிப் பார்க்காது.

"அண்ணே, நீங்க உட்கார்ந்து பேசினாலே போதும். ஆனா இப்படி இரைக்க இரைக்கப் பேசினா வர்றவங்க பயந்துடுவாங்க. கொஞ்சம் தேறி வாங்க, நாற்காலி காத்திருக்கும்" என்றார்.

பேசியே பிழைக்கிற வேலை! பளபளாவுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அந்த நாற்காலி மட்டும் கிடைக்காவிட்டால் மனுஷன் வீட்டுக்குள்ளேயே ஒடுங்கிப்போவார் என்று அவர் மனைவிக்குத் தெரியும்.

ஆனால் எந்த வாக்கியமும் கரை சேரவில்லை. மீதியை அவள்தான் முடித்து வைப்பாள். "அந்த நீலக் கார்க்காரன் வந்து..." என்று அவர் இழுத்தால், "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்" என்பாள். அவர் சொல்ல வந்தது அதுவாக இருக்காது. இல்லை என்று மறுக்கவும் மூச்சு இருக்காது.

இன்ஹேலரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அழுத்தும்போதே மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும் என்று நர்ஸ் செய்து காட்டியபோது, ஸ்ப்ரே அடிக்க எனக்கே பாடமா என்று சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்தவர் இவர். வீட்டில் அழுத்தினால் மருந்து வாயிலிருந்து வெள்ளையாக வெளியேதான் வந்தது. நாக்கெல்லாம் கசந்தது. மருந்தே போலி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவள் வீட்டு முன்னறையில் துணி தேய்த்துக் கொடுப்பவள். சும்மா உட்காரப் பிடிக்காமல் அவரும் பக்கத்தில் நின்று ஸ்ப்ரே பாட்டிலால் துணிகளுக்குத் தண்ணீர் அடித்துக் கொடுப்பார். ஒரு நாள் அவள் ஏதோ கேட்டாள். பதில் இல்லை. காது செவிடாகிவிட்டதா என்று கேட்கத் திரும்பியவள் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். பாட்டிலின் விசையில் விரல் அழுந்தியபோது அவர் நெஞ்சு அசையவே இல்லை. விரலை எடுத்ததும் அசைந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி நின்றது. அடித்தது வெறும் தண்ணீர்தான்.

அவளுக்குப் பொறி தட்டியது. விசையில் விரல் பட்டால் மூச்சை அடக்கு என்று அந்த உடம்பு பட்டறையில் பழகிவிட்டது. முடிந்த மட்டும் விஷத்தை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்ட பாவப்பட்ட உடம்பு, இப்போது மருந்தையும் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புகிறது.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அந்த மருந்தை எடுத்துட்டு வாங்க. கையைப் பின்னால கட்டிக்குங்க. அழுத்துறது என் வேலை. இழுக்குறது மட்டும் உங்க வேலை."

முதலில் அவள் முந்தினாள், பிறகு அவர் முந்தினார். ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். மறுநாள் காலை அவள் அழுத்தியபோது வாயிலிருந்து வெள்ளையாக எதுவும் வரவில்லை. எல்லாம் உள்ளே போயிருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, இன்ஹேலரில் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் குழல் கொடுத்தாள். மருந்தை அதற்குள் அடித்துவிட்டு, விரலை எடுத்த கையோடு நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். இனித் துணைக்கு ஆள் வேண்டாம். ஆனாலும் கை நடுங்குகிறது என்று புளுகிக்கொண்டு, அவர் அதை அவளிடமே நீட்டுவார். அவளும் நம்பியது போல அழுத்தி விடுவாள்.

கொஞ்சம் கொஞ்சமாக இரைப்பு அடங்கியது. புது அறைக்குப் போன முதல் நாள், எதற்கும் இருக்கட்டும் என்று அவளும் கூடவே போனாள். முதலாளி ஓரமாக நின்று கவனித்துக்கொண்டிருந்தார். வெளுத்துப்போன சிவப்புக் காரோடு ஒரு அம்மா வந்திருந்தார்.

"இந்தச் சிவப்பு இருக்கே, இது வெயில்ல நின்னு நின்னு..." என்று ஆரம்பித்த பளபளா பாதியில் நின்றார்.

மூச்சு முட்டிவிட்டதென்று அவள் முன்னால் வந்தாள். மீதியைச் சொல்லி முடிக்க வாயைத் திறந்தாள். அவர் திரும்பாமலே கையைக் காட்டினார்.

"இரு. யோசிக்கிறேன்."

வண்ண அட்டைகளைப் புரட்டி, ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார். அந்த அம்மா வந்த காரியத்தை மறக்கிற அளவுக்குப் பேசினார். அவள் வாயை மூடிக்கொண்டு பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கடைசிவரை கேட்டாள்.