நோட்டரி மேடம் சாப்பிட்ட இடியப்பம்

1. அரைப் பக்கம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அரைப் பக்கம்தான் அச்சடித்தேன். வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தி, சிகரெட் லைட்டர் ஓட்டையிலிருந்து மின்சாரம் எடுத்து பிரிண்டருக்குக் கொடுத்திருந்தேன். "இன்னாரின் மகன் இன்னாராகிய நான்" என்பது வரை வந்தது. பிறகு பியூஸ் போய்விட்டது.

வீட்டுக்காரர் கடதாசியை வாங்கிப் பார்த்தார்.

"நான் எண்டதோட நிக்குது அண்ணை. நான் என்ன செய்யப்போறன் எண்டு ஒண்டையும் காணேல்லையே?"

வெட்கமாக இருந்தது. காரின் பொனட்டைத் திறந்து, தேவையில்லாமல் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் வேலை இதுதான். பத்திரங்களை உறுதிப்படுத்துகிறவரை ஊரில் நொத்தாரிசு என்போம், இங்கே வெள்ளைக்காரர் நாட்டில் நோட்டரி. நான் நோட்டரி இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவன். நோட்டரி மேடம் சட்டம் படித்தவர், சென்னைப் பக்கம். அலுவலகத்துக்கு வர ஏலாதவர்களின் வீட்டுக்கு அவர் போவார். கார் ஓட்டுவதும், காருக்குள் வைத்துப் பத்திரங்களை அச்சடித்துக் கொடுப்பதும் என் பொறுப்பு. அதிகம் வருவது அற்றோணித் தத்துவம். ஊரில் இருக்கும் காணி பூமியை எனக்காக இன்னார் விற்கலாம், வாங்கலாம் என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது.

வீட்டுக்கு வீடு பிரிண்டர் இருக்கிறதே என்று எல்லோரும் கேட்பார்கள். மேடம் ஒப்புக்கொள்ள மாட்டார். "அவங்க கம்ப்யூட்டருக்குள்ள நம்ம பேப்பர் போச்சுன்னா, வரும்போது ரெண்டு வரி கூட வரும்ணா" என்பார்.

2. சில தொழில் இரகசியங்கள்

பியூஸ் போன பிறகு பெரிய பற்றரி ஒன்று வாங்கினோம். லேசர் பிரிண்டரைப் பின் சீட்டில் வைத்து சீட் பெல்ட் போட்டேன். காரில் ஒழுங்காக பெல்ட் போடுகிற ஒரே பயணி அதுதான். குளிர் காலத்தில் கடதாசி ஈரம் இழுத்துச் சுருளும். அதனால் கடதாசிக் கட்டை ஹீட்டருக்கு முன்னால் வைத்துவிட்டு நான் குளிரில் இருப்பேன்.

ஒருமுறை பார்க்கிங் வார்டன் கண்ணாடியில் தட்டி, என்ன செய்கிறாய் என்று கேட்டான். அச்சடிக்கிறேன் என்றேன். என்ன அடிக்கிறாய் என்றான். ஒருவரின் காணியை என்றேன். அவன் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு அபராத டிக்கெட் எழுதினான்.

இன்னொரு இரகசியமும் உண்டு. வெளியே போகும் நாளில் நான் எந்த வீட்டிலும் ஒன்றும் சாப்பிடுவதில்லை, குடிப்பதுமில்லை. கொள்கை ஒன்றும் கிடையாது. குடித்தால் கழிவறை கேட்க வேண்டி வரும். தெரியாத வீட்டில் அதைக் கேட்க எனக்கு வாய் வராது. ஆகவே காருக்குள்ளேயே பாண் ரொட்டியும் சம்பலும்.

3. சட்டன்

அன்று சட்டனில் ஒரு வீடு. கூப்பிட்டவர் தயாபரன் என்ற தம்பி, ஐ.டி.யில் வேலை. கையெழுத்து வைக்க வேண்டியவர் அவருடைய அக்கா மலர். கலியாணம் செய்யாதவர். பள்ளிக்கூடமொன்றில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தம்பி வீட்டில் சின்ன அறையில் இருந்தார். ஊரில் தகப்பன் அவருக்குச் சீதனமாக ஒரு வீடு எழுதி வைத்திருந்தார். அதை விற்க தம்பிக்கு அதிகாரம் கொடுப்பதுதான் பத்திரம்.

மேடம் உள்ளே போனார். எந்தப் பத்திரத்துக்கும் முன்னால், கையெழுத்து வைப்பவரைத் தனியாக அழைத்து, விருப்பத்தோடுதானா என்று கேட்பது அவர் கடமை. அன்றும் கேட்டார். மலர் அக்கா ஓம் என்றார். பாஸ்போர்ட்டில் இருந்த பெயருக்கும் எங்கள் கடதாசியில் இருந்த பெயருக்கும் சின்ன வித்தியாசம். திருத்தம் என் போனுக்கு வந்தது. நான் காரில் அச்சடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கப் தேத்தண்ணியோடு மலர் அக்காவே வெளியே வந்தார்.

"அண்ணை, இந்தாங்கோ ரீ."

"வேண்டாம் அக்கா. வேலை நேரத்தில நான் ஒண்டும் குடிக்கிறேல்லை."

அவர் என்னை அண்ணை என்றார், நான் அவரை அக்கா என்றேன். யார் மூப்பு என்று கேட்க இருவருக்கும் கூச்சம்.

"சாப்பிடுறதும் இல்லையோ?"

"இல்லை அக்கா. பாண் கொண்டு வந்தனான்."

அவர் கப்பை மதில் மேல் வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கார் கதவைத் திறந்து முன் சீட்டில் ஏறி இருந்தார்.

"அப்ப நீங்கள் அவையின்ர ஆள் இல்லை" என்றார்.

என் சிறுநீர்ப்பை பற்றிய பயத்தை ஒருவர் நேர்மை என்று எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. நான் மறுக்கவில்லை.

"எனக்கு அந்த வீட்டை விக்க விருப்பமில்லை அண்ணை. என்ர பேரில இருக்கிறது அது ஒண்டுதான்."

"மேடம் தனியக் கேட்டவதானே? ஏன் ஓம் எண்டனீங்கள்?"

"அவ வந்தவுடனே இடியப்பம் சாப்பிட்டிட்டா. சொதியும் விட்டு. ரெண்டாந்தரமும் வாங்கினவ. தம்பி வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்ட ஆளிட்டைப் போய், தம்பிக்கு மாறா என்னெண்டு சொல்லுறது?"

எனக்கு அது உடனே விளங்கியது. மேடத்தின் சட்டப் புத்தகத்தில் இருந்திருக்காது.

அந்த நேரம் பார்த்து பிரிண்டர் வேலையை முடித்தது. எத்தனையோ நாள் என் மானத்தை வாங்கிய அந்த மெஷின், அன்று ஆறு பக்கத்தையும் ஒரு சுருக்கம் இல்லாமல் தந்தது. வீட்டுக் கதவு திறந்தது. தயாபரன் வந்துகொண்டிருந்தார். நான் ஆறு பக்கத்தையும் எடுத்து என் சீட்டில் போட்டு, அவற்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன அண்ணை, முடிஞ்சுதோ?"

"பிரிண்டர் பழுது."

"பச்சை லைற் எரியுதே?"

"எரியும். பேப்பர் வராது."

"விடுங்கோ, நான் பாக்கிறன். இதுதானே என்ர தொழில்" என்று பின் கதவைத் திறந்து பிரிண்டரின் பெல்ட்டைக் கழற்றினார். மலர் அக்கா நேரே முன்னால் பார்த்தபடி இருந்தார். எனக்குக் கீழே கடதாசி சூடாக இருந்தது.

வாயால் சொல்ல எனக்கு வராது. மேடத்துக்கு மெசேஜ் எழுதினேன்: "அக்காவுக்கு விருப்பம் இல்லை. நீங்கள் இடியப்பம் சாப்பிட்டதால் சொல்லவில்லை."

மேடம் வெளியே வந்தார். முகத்தில் எதுவும் காட்டவில்லை. "அண்ணா, நீங்க கொஞ்சம் இறங்குங்க. சார், நீங்களும் தள்ளி நில்லுங்க. பேர்ல ஒரு சந்தேகம், அவங்ககிட்ட கேக்கணும்." என் இடத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார். அந்த ஆறு பக்கமும் இப்போது அவருக்குக் கீழே.

நானும் தயாபரனும் நடைபாதையில் நின்றோம்.

"சீதனம் எண்டு எழுதின வீடு அண்ணை" என்றார் அவர். "கலியாணமே நடக்கேல்லை. பிறகென்ன சீதனம்? வித்தால் இஞ்ச கூரைக்குக் கீழ லொஃப்ட் கட்டலாம். அக்காவுக்கும் வடிவா ஒரு அறை வரும். நான் என்ன அவவை விட்டிட்டுப் போறனோ?"

அவர் பொய் சொல்வதாக எனக்குப் படவில்லை. நான் காரின் பக்கம் திரும்பினேன். கண்ணாடிகள் உள்ளே மூச்சால் மூடியிருந்தன.

கால் மணித்தியாலத்தில் மேடம் இறங்கினார்.

"இன்னைக்கு கையெழுத்து இல்லைங்க. அவங்க சம்மதிக்கல. இதுக்கு மேல நான் எதுவும் செய்ய முடியாது."

தயாபரனுக்கு முகம் சிவந்தது. "உங்கட டிரைவர் என்ன லோயரோ? எங்கட வீட்டில வயிறு முட்டச் சாப்பிட்டிட்டு இப்பிடிச் செய்யலாமோ?"

அக்கா கணக்குப் போட்டது எவ்வளவு சரி என்று அப்போது மேடத்துக்கும் தெரிந்தது.

"சாப்பிட்டது என் தப்புதாங்க" என்றார் அவர்.

மேடத்தை ஏற்றிக்கொண்டு பாதி வழி வந்தேன். பிறகு, "இடியப்பம் நல்லாத்தாண்ணா இருந்துச்சு" என்றார்.

4. பிளேஸ்டோ

நல்லது செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சில மாதம் கழித்து மலர் அக்கா கூப்பிட்டார். முகவரி பிளேஸ்டோவில், ஒரு வீட்டின் மேல்மாடி அறை. கட்டிலும் ஒரு கதிரையும் வைத்தால் நிற்க இடமில்லை. அவராகப் போனாரா, போகச் சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை. ஒரு மெசேஜ் அனுப்பி ஒரு மனுசியின் இருப்பிடத்தைக் கெடுத்துவிட்டேனே என்று மட்டும் தோன்றியது.

ஊரிலிருக்கும் சிநேகிதி ஒருவர் அந்த வீட்டை வாடகைக்குக் கொடுத்துப் பார்த்துக்கொள்ள மலர் அக்கா அதிகாரம் கொடுத்தார். விற்க அல்ல. அந்த வரியைத் தானே இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

"என்னால உங்களுக்குக் கரைச்சல் அக்கா" என்றேன். அது மட்டும் எப்படியோ வாய்க்கு வந்தது.

"கரைச்சல்தான்" என்றார். "தம்பி கதைக்கிறேல்லை. ஆனா அண்ணை, ஊரில ஒரு வீடு, இஞ்ச ஒரு றூம். ரெண்டின்ர திறப்பும் என்னட்டைத்தான் கிடக்கு" என்று இரண்டு சாவியையும் எடுத்துக் காட்டினார்.

அதற்குப் பிறகு மேடம், கையெழுத்து விழும் வரை எந்த வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பெருமை பிடித்தவர் என்று சனம் சொல்லும். நாங்கள் இன்னொரு ஒழுங்கும் வைத்தோம். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். அச்சடிக்கும் முன், கையெழுத்து வைக்கப் போகிறவர் தனியாகக் காருக்கு வந்து, திரையில் தன் பெயரைச் சரி பார்க்க வேண்டும். சொந்தக்காரர்கள் ஏன் என்று கேட்பார்கள். "மெஷின் அப்பிடித்தான் கேக்குது" என்று சொல்வேன். மனிதன் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். மெஷின் கேட்டால் பேசாமல் அனுப்பிவிடுகிறார்கள்.

பெரும்பாலானவர்கள் பெயரைப் பார்த்து, சரி என்று சொல்லி இறங்கிவிடுவார்கள். சிலர் பார்த்து முடித்த பிறகும் இறங்காமல் இருப்பார்கள். நான் ஒன்றும் கேட்பதில்லை. பிரிண்டரை நிறுத்திவிட்டு மேடத்தைக் கூப்பிடுவேன்.