வாய்க்கால் என்று தேடினால்

அக்காவின் மின்னஞ்சல்களை அழித்தால்தான் அம்மா தேறுவார் என்று எங்கள் வீட்டில் அப்போது நம்பினார்கள். தம்பி நம்பினான். அவன் மனைவியும் நம்பினாள். நான் நம்பவில்லை.

அக்கா கனடாவில் இறந்து ஒரு வருடமாகி, ஆட்டைத் திவசமும் முடிந்திருந்தது. என் மின்னஞ்சல் கணக்கு நிறையும்போதெல்லாம் அம்மாவுக்கென்று அவர் எழுதிய பழையவற்றை அதிலிருந்து எடுத்துத் தனிக் கோப்புகளாக்கி வீட்டுக் கணினியில் சேமித்து வந்திருந்தேன். பிரதி எடுத்து வைத்த பென்டிரைவ் பழுதாகிவிட்டதால், அவை இருந்த ஒரே இடம் அந்தக் கணினிதான்.

உருத்திரபுரத்தில் எங்களுடையது வாய்க்கால் தண்ணீரை நம்பிய வயல். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம் உண்டு: சுகம் விசாரிப்பதற்கு முன் தண்ணீரை விசாரிப்பார்கள். பனிக்குள் இருந்துகொண்டு அக்காவும் அதையே செய்தார். "அம்மா, வாய்க்காலில தண்ணி வந்திட்டுதோ?" என்றுதான் அவருடைய மின்னஞ்சல்கள் தொடங்கும்.

தம்பி ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பில் செயலாளர். அமைப்பின் கடிதங்களும் அதே கணினியில்தான் இருந்தன. ஒன்று தேவைப்பட்டால் தேடல் பெட்டியில் "வாய்க்கால்" என்று அடிப்பான். அவனுடைய கடிதங்களை முந்திக்கொண்டு அக்காவின் கேள்விகள் திரை நிறைய வந்து நிற்கும். பக்கத்துக் கதிரையில் அமர்ந்து, சுளகில் அரிசி பரப்பிக் கல் பொறுக்கும் அம்மா அவற்றை வாசிப்பார். சுளகை இறக்கி வைத்துவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு வாய்க்காலைப் பார்க்கப் போவார். கேட்டவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. ஒருமுறை கடுங்கோடையில் காய்ந்து வெடித்த வாய்க்கால் கரையில் மயங்கிக் கிடந்தவரை அயலவர்கள் தாங்கிக்கொண்டு வந்தார்கள்.

"அழிச்சு விடுங்கோ சின்னக்கா," என்றான் தம்பி. "செத்தவ வந்து ஒவ்வொரு நாளும் தண்ணி கேட்டால் அம்மா என்ன செய்வா?"

"அழிக்கமாட்டன்."

"அப்ப அம்மாவை ஆர் பாக்கிறது?"

"அதையும் நான்தான் பாப்பன்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் சொன்னதைச் செய்தேன். கணினி, தான் ஓய்ந்திருக்கும் நேரங்களில் எல்லாக் கோப்புகளையும் வாசித்து, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று ஒரு சுட்டி தயாரித்து வைத்துக்கொள்கிறது என்று அறிந்தேன். நாம் தேடும்போது அது பார்ப்பது அந்தச் சுட்டியைத்தான். அப்படியென்றால் அக்காவைச் சுட்டியிலிருந்து விலக்கினால் போதும். கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அவற்றை ஒரு தனிக் கோப்புறையில் சேர்த்து, அந்தக் கோப்புறையைச் சுட்டியில் சேர்க்காதே என்று கணினியின் அமைப்புகளில் குறித்தேன். தம்பி தேடிப் பார்த்தான். கேள்விகள் மறுபடியும் வரிசையாக வந்தன.

"பெரியக்கா உயிரோட இருக்கேக்கையே ஆர் சொல்லையும் கேட்டவவோ?" என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் விடவில்லை. கோப்புறையை விலக்கியும் பயனில்லாமற் போனதன் காரணம் மறுநாள்தான் புரிந்தது. அந்தக் கோப்புகளை மின்னஞ்சல் செயலியில் திறந்தே வைத்திருந்தேன். அது தன் வழியால் அவற்றைச் சுட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த வழியையும் அடைத்து, பழைய சுட்டியை நீக்கிப் புதிதாக எழுதும்படி கணினிக்குக் கட்டளையிட்டேன். காலையில் தொடங்கிய வேலை பின்னேரம் முடிந்தது.

தம்பி "வாய்க்கால்" என்று அடித்தான். அவனுடைய கடிதங்கள் மட்டும் வந்தன.

அம்மா சுளகிலிருந்து நிமிர்ந்தார். "இண்டைக்கு அவள் ஒண்டும் கேக்கேல்லையோ?"

நான் பயந்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான். "எல்லாம் பத்திரமா இருக்கு அம்மா. நீங்கள் சொன்னால் திறந்து காட்டுறன்."

அம்மா மீண்டும் சுளகில் கை வைத்தார். "இப்ப வேண்டாம் பிள்ளை. தண்ணி திறக்கட்டும்."

அதன் பிறகு அவர் வெயிலில் வாய்க்காலுக்குப் போகவில்லை. குளத்திலிருந்து தண்ணீர் திறந்துவிட்ட அன்று காலை தாமாகவே போய்ப் பார்த்துவிட்டு, நனைந்த காலோடு வந்து கதிரையில் அமர்ந்தார்.

"இப்ப திற."

கோப்பைத் திறந்தேன். அக்காவின் கேள்வியை அம்மா வாய்விட்டு வாசித்தார்.

"ஓம் பிள்ளை, வந்திட்டுது," என்றார்.

தம்பியின் குடும்பம் இப்போது பூவரசங்குளத்தில், அவன் மனைவியின் ஊரில் இருக்கிறது. வயலைப் பார்க்க அவன் வந்து போகிறான். இந்த வீட்டில் அம்மாவும் நானும் இருக்கிறோம்.