பானையில் இருந்த கரி

போர்ட் பிளேரில் ஓர் அருங்காட்சியகத்தில் பழங்குடியினர் பொருட்களைப் பராமரித்தேன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. அழுக்கைக் கண்டாலே எனக்குப் பதற்றம். ஒருநாள், நிக்கோபார் மண்பானை ஒன்றைத் தேங்காய் நாரால் அரைமணி நேரம் தேய்த்துக் கழுவினேன்.

மறுவாரம் ஒரு நிக்கோபாரி நர்ஸ் வந்தார். அந்தப் பானை, சுனாமிக்கு முன்பு அவருடைய அம்மா எங்களுக்குக் கொடுத்தது. பிறகு வந்த அலை அம்மாவையும் வீட்டையும் கொண்டுபோய்விட்டது. பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அங்கிள், அம்மா சமைச்சப்போ படிஞ்ச கரி கிதர் கயா? எங்க போச்சு?”

“அழுக்குன்னு நினைச்சுக் கழுவிட்டேம்மா.”

“தேய்ச்ச நாராவது இருக்கா?”

அதை அன்றே எறிந்திருந்தேன்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை, பொருட்களிலிருந்து உதிர்ந்த தூசியைக்கூட உறையிலிட்டு எண் போட்டு வைத்தேன். இதுவரை ஒருவரும் கேட்டு வரவில்லை. ஆனாலும் இப்போதும் மாதம் ஒருமுறை அருங்காட்சியகத்துக்குப் போய், எல்லா உறைகளும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.