சரசு வாங்கிய வெள்ளைப் பெட்டி

போன சனிக்கிழமை, ஜார்ஜ்டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடை. பாகம் பாகமாகப் பொறுக்கி எடுத்து ஒரு கேமிங் கம்ப்யூட்டர் சேர்க்கப் போயிருந்தேன். ஆமாம், நான்தான்... இந்த வயசில்தான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

பிராசஸர் ஆயிற்று, போர்டு ஆயிற்று, மெமரி ஆயிற்று. நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்றையும் எடுத்தாயிற்று. வீட்டிலிருந்து நான் கொண்டுபோன வெள்ளைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அதை வைத்துப் பார்த்தார் கடைக்காரர் ஜமால். நேராக வைத்தார், சாய்த்து வைத்தார்... ம்ஹூம்.

"தா போலே லா, முடியாது அண்ணே. கார்டு நீளம், உள்ள போகாது. யாராச்சும் கேஸ மொதல்ல வாங்குவாங்களா?"

வாங்குவார்கள். என் மனைவி சரசு வாங்கினாள்.

பெட்டியைக் கடைசியில்தான் வாங்க வேண்டுமாம். அதெல்லாம் சரசுவுக்கு யார் சொன்னது? எங்கள் பிளாட்டில் சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடம். முழம் போட்டு அளந்தாள், அதற்குள் அடங்குகிற பெட்டியாகப் பார்த்து வாங்கி வந்துவிட்டாள். நம் வீடுகளில் எதை வாங்கினாலும் 'எங்கே வைப்பது?' என்பதுதானே முதல் கேள்வி! புதுப் பொருள் வீட்டுக்குள் வந்தால் அடுத்த வேலை என்ன? பெட்டியின் கண்ணாடிக் கதவில் சந்தனம் தொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தாள்.

கேம் ஆசையே அவளுடையதுதான். கடலுக்கு அக்கரையில், புக்கிட் தெங்காவில் பாக்டரி வேலை. அந்தக் காலமெல்லாம் பாலத்தைக் கடந்து பாக்டரி பஸ்ஸில் போய் வந்தவள். லாரி ஓட்டும் கேம் ஒன்றை யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். "இத்தன வருசம் சும்மா உக்காந்தே போய்ட்டு வந்தாச்சுங்க. இனி நான் ஓட்டணும்... பெரிய லாரி, பெரிய ரோடு" என்றாள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

நடுவில் சில வாரங்கள் பத்திரிகையில் இந்தப் பத்தி வரவில்லை. ஏன் என்று கேட்டு எழுதியவர்களுக்கு இப்போதுதான் பதில் சொல்ல முடிகிறது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்த சரசு திரும்பி வரவில்லை. அவள் அளந்து வைத்த இடத்தில் பெட்டி மட்டும் காலியாக நின்றது. அதனால்தான் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

ஜமாலுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

"ஒண்ணும் பிரச்சன இல்லண்ணே. கேஸ் புதுசாத்தான் இருக்கு. தொடச்சிட்டு நான் எடுத்துக்கிறேன், பெருசா ஒண்ணு மாத்தித் தர்றேன்" என்றபடி ஈரத்துணியை எடுத்துவிட்டார். துணி கண்ணாடியைத் தொடுவதற்குள் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

"வேணாம் தம்பி. அது என் சம்சாரம் வச்ச பொட்டு."

அழுதுவிட்டேன். கடைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள்... பார்க்கட்டுமே. ஜமால் துணியைத் தூரப் போட்டுவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். சரசுவைப் பற்றியும் லாரியைப் பற்றியும் சொன்னேன். அந்தக் கேமை நானாவது ஓட்டிப் பார்க்க வேண்டும், இந்தப் பெட்டியில்தான் ஓட்ட வேண்டும் என்றும் சொன்னேன்.

அவர் பெரிய கார்டை எடுத்த இடத்திலேயே வைத்தார். குட்டையாக வேறொன்றைக் கொண்டுவந்தார். அது பெட்டிக்குள் போய் அழகாக உட்கார்ந்துகொண்டது. பொட்டு இருந்த பக்கம் விரல் படாமல் கதவை மூடினார்.

"இது பவர் கம்மிண்ணே. லாரி கொஞ்சம் மெதுவாத்தான் போகும்... பரவால்லயா?"

"போகட்டும் தம்பி. சீக்கிரம் வாங்கன்னு போன் பண்ண வீட்ல ஆளில்ல."