முன்னால் வந்த விசாரணை

வலங்கைமானுக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் நஞ்சையை அப்பா குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். உழுகிறவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று சட்டம் வந்ததும் மனுக் கொடுத்தார். நிலம் தன் மகனுடையது, மகனே சாகுபடி செய்யப்போகிறான் என்று நிலக்காரர் ஆட்சேபித்தார்.

விசாரணை நோட்டீஸில் 'முற்பகல்' என்று மட்டும் இருந்தது. நேரம் கேட்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம். அந்த மகன் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். "குவார்ட்டர் ஆஃப் லெவன்" என்றான். பத்தாவது படித்துக்கொண்டிருந்த நான், பதினொன்றேகால் என்று அப்பாவிடம் சொன்னேன்.

பதினொரு மணிக்கே தாலுகா ஆபீஸ் போய்விட்டோம். பத்தே முக்காலுக்கே அப்பாவைக் கூப்பிட்டு, ஆள் வரவில்லை என்று மனுவைத் தள்ளியிருந்தார்கள். அமெரிக்காவில் அப்படிச் சொன்னால் பதினொன்றுக்குக் கால் மணி குறைவாம். வாசலில் அவன் சிரித்தான்.

"நான் சரியாத்தான் சொன்னேன். பொண்ணுக்கு இங்கிலீஷ் வரலன்னா நான் என்ன பண்றது?"

அவனுக்குத் தமிழ் பேச வரும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் குறுவையை அவர்கள் ஆட்களே அறுத்துக்கொண்டு போனார்கள். அப்பா கூலிக்கு நாற்றுப் பறித்தார். தப்பாகச் சொன்னதற்காக அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் என்னை அரித்தது.

அப்பா அப்பீல் செய்தார். நான் பத்தாவது முடித்து டைப்பிங் கற்றுக்கொண்டு, மன்னார்குடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். சொந்தச் சாகுபடி என்றால் மகன் அமெரிக்காவிலிருந்து நேரில் வந்து சொல்லட்டும் என்று அப்பீல் அதிகாரி உத்தரவிட்டார். விசாரணை இருபத்தைந்தாம் தேதி. பிறகு அதை அதே மாதம் பதினொன்றாம் தேதிக்கே முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள்.

மறுநாள் நிலக்காரரின் புதுக் காரியஸ்தர் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. தேதி மாறியதை அமெரிக்காவில் இருக்கும் முதலாளி மகனுக்குத் தந்தியில் சொல்ல வேண்டும், குறைந்த வார்த்தையில் எழுதிக் கொடு என்றார். 'ஹியரிங் ப்ரீபோன்ட் லெவன்த்' என்று அடித்துக் கொடுத்தேன். எங்கள் ஆபீஸ்களில் தேதியை முன்னால் கொண்டுவந்தால் அப்படித்தான் எழுதுவார்கள். 'ப்ரீபோன்' என்ற அந்தச் சொல் வெளிநாட்டில் கிடையாது என்று எங்கள் மாஸ்டர் ஒருமுறை சொல்லியிருந்தார். தெரிந்தேதான் அடித்தேன்.

தள்ளிவைப்பதைச் சொல்லும் 'போஸ்ட்போன்' என்பதைத்தான் யாரோ தப்பாக அடித்துவிட்டார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அடுத்த மாதம் பதினொன்றுக்கு வந்து இறங்கினான். அதற்குள், அவன் வரவில்லை என்று ஆட்சேபணையைத் தள்ளி, பதிவேட்டில் அப்பா பெயரை ஏற்றியிருந்தார்கள்.

தந்தியை எடுத்துக்கொண்டு இன்ஸ்டிடியூட்டுக்கே வந்தான். இது என்ன வார்த்தை என்று கத்தினான்.

"இந்த ஊர் இங்கிலீஷுங்க. உங்களுக்கு வரலன்னா நான் என்ன பண்றது?" என்றேன்.

என்னை உற்றுப் பார்த்தான். அடையாளம் தெரிந்துவிட்டது. படியிறங்கிப் போனான். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

காரியஸ்தரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவருக்காக மட்டும் சங்கடப்பட்டேன். அவனுக்காக இன்றுவரை ஒரு நிமிஷம்கூட இல்லை.