கூடைகளில் தேமல்

என் அத்தானைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பெட்டூனியாப் பூச்செடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். கெட்டதாகச் சொல்வதற்கும் அதே இடம்தான். அதற்கு முன்னால் அவர் வாழ்ந்த நாற்பத்தெட்டு வருஷத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் கிடையாது. லாரியில் மூட்டை ஏற்றினார், முதுகு பிடித்துக்கொண்டது. சலவைக் கடையில் இஸ்திரி போட்டார், இரண்டு சட்டைகளைத் தீய்த்தார். ஒரு கிடங்குக்குக் காவலிருந்தார், உட்கார்ந்தபடியே தூங்குவதில் பெயர் வாங்கினார். கெட்ட மனுஷன் என்று யாரும் சொல்ல முடியாது. கை நீட்ட மாட்டார், குடிக்க மாட்டார், பொய் சொல்ல வராது. ஒரே ஒரு பழக்கம்தான். சட்டைப் பையில் புகையிலைத் தூள் பொட்டலமும் மெல்லிய தாள் கட்டும் எப்போதும் இருக்கும். பேசிக்கொண்டே, குனிந்து பார்க்காமலே, விரல் நுனியில் சுருட்டிப் பற்றவைத்துவிடுவார். ஒரு நாளைக்கு முப்பது.

அவர் பிடித்தார், என் அக்கா இருமினாள். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. நாலாவது மாடியில் ஒரே அறை, அதிலேயே ஒரு தடுப்பு வைத்துச் சமையல். இருக்கிற ஒரு ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். புகை போவதற்கு வழியில்லாமல் அக்காவின் நெஞ்சுக்குள் போய்க் குடியேறிவிட்டது. நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, எத்தனை வருஷமாகப் புகைக்கிறீர்கள் என்று அவளைக் கேட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலாகி நிற்கக் கால் மணி நேரமானது. நுரையீரலில் பாதி போய்விட்டது, மிச்சத்தைக் காப்பாற்றணும் என்றால் வீட்டில் புகை இருக்கக் கூடாது என்று டாக்டர் அத்தானின் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அக்கா அவரிடம் வேறு எதையும் கேட்டதில்லை. நகை கேட்கவில்லை, பெரிய வீடு கேட்கவில்லை. இதை மட்டும்தான் கேட்டாள்.

அவரும் முயற்சி செய்யாமலில்லை. மூன்று தடவை விட்டார். மூன்றாவது தடவை ஒன்பது நாள் தாங்கியது. காய்ச்சல், கை நடுக்கம், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தால் அழுகை. ஒன்பதாம் நாள் சாயங்காலம் அக்காவே மூச்சு வாங்க நாலு மாடி இறங்கிப் போய்ப் பொட்டலம் வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உனக்குப் பைத்தியமா என்று கத்தினேன். "அவரால முடியலடா. முடிஞ்சா எனக்காகச் செய்ய மாட்டாரா?" என்றாள். இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினாள்.

நான் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவன். ஒரு வருஷம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: பிளாட்பாரத் தூண்களில் பெட்டூனியா நட்ட கூடைகளைத் தொங்கவிட வேண்டும், வாசலில் இரண்டு வட்டப் பாத்தி போட வேண்டும். தண்ணீர் ஊற்ற ஆள் தேடினார்கள். அக்காவுக்காக, அந்த வேலையை அத்தானுக்குக் கேட்டு ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய் நின்றேன். இதிலும் இவர் தூங்கி வழிந்தால் என் மானம் போகும் என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் தூங்கவில்லை. அந்த மனுஷனுக்குள் இப்படியொரு ஆள் எங்கே ஒளிந்திருந்தான் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. முதல் மாதம் பூவின் தலையிலேயே தண்ணீரை ஊற்றினார். இதழெல்லாம் நனைந்த காகிதம் போல ஒட்டிக்கொண்டு அழுகின. அப்புறம் அடியில் விடப் பழகினார். கூடைக்குக் கீழே உள்ளங்கையை வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்தே, இது காலையில் குடித்தது, இது காய்ந்து கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். மொத்தம் அறுபது கூடை. காற்றுப்படுகிற இடத்தில் தொங்குவதால் காலையில் ஊற்றியது மத்தியானத்துக்குள் வற்றிவிடும். அதனால் ஒரு நாளைக்கு இரண்டு முறை, காலை ஆறுக்கும் சாயங்காலம் நாலுக்கும்.

வாடின பூவைக் கிள்ளுவதில்தான் சூட்சுமம் என்பார். இதழை மட்டும் பிய்த்தால் அடியில் விதைக்காய் நின்றுவிடும். விதை பிடித்துவிட்டால் செடி, வந்த வேலை முடிந்தது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். காயோடு சேர்த்துக் கிள்ளினால்தான் மறுபடி பூக்கும். ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தூண் தூணாக நகர்ந்து, ஒவ்வொரு செடியையும் விரலால் துழாவிக் கிள்ளுவார். அந்த இலையில் ஒரு பிசுக்கு உண்டு. அது விரலில் ஏறி, கை எப்போதும் கோந்து தொட்ட மாதிரியே இருக்கும். நடுவில் இறங்கி ஒன்று சுருட்டிப் பிடித்துவிட்டு, திரும்ப ஏறிவிடுவார்.

செடி கொடி மாதிரி நீண்டு, நுனியில் மட்டும் பூ வைக்க ஆரம்பித்ததும் ஒரு நாள் எல்லாவற்றையும் பாதிக்கு வெட்டித் தள்ளினார். ஸ்டேஷன் மாஸ்டர் குதி குதியென்று குதித்தார். மூன்றே வாரத்தில் கத்தரிப்பூ நிறமும் ரோஸும் வெள்ளையுமாகக் கூடை தெரியாமல் மூடிக்கொண்டு வழிந்தது. ரயிலிலிருந்து இறங்குகிறவர்கள் வீட்டுக்குப் போவதை மறந்து படமெடுத்தார்கள். சுமை தூக்குகிறவர்கள் அவருக்குக் கூடையண்ணன் என்று பெயர் வைத்தார்கள். பூவைப் பறிக்கக் கை நீட்டினவர்களோடு அவர் போட்ட சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும்.

இரண்டாம் வருஷம் சனி பிடித்தது. முதலில் ஏழெட்டுக் கூடைகளில் இலை வெளிறியது. பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக, மனுஷத் தோலில் தேமல் படர்கிற மாதிரி. பிறகு இலை சுருங்கியது, பூ கோணிக்கொண்டு கோடு விழுந்து வந்தது. உரம் கொடுத்தார், உரத்தை நிறுத்தினார், இடம் மாற்றித் தொங்கவிட்டார். எதைச் செய்தாலும் அடுத்த தூணுக்குத் தாவியது. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை என்று அக்கா சொன்னாள். அவர் சங்கடம் பார்க்கச் சகிக்காமல், நாற்று கொடுத்த பண்ணைக்கார அம்மாவை நான்தான் வரவழைத்தேன்.

அந்த அம்மா இலையை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். அப்புறம் செடியை விட்டுவிட்டு அத்தானைப் பார்த்தார். "கையைக் காட்டுங்க" என்றார். விரல் நுனி மஞ்சளாக இருந்தது.

"இந்தச் செடி புகையிலைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சிங்க. அந்தத் தூள்ல இருக்கிற கிருமி இதுக்கு அப்படியே ஒட்டும். சுருட்டின கையோட ஒவ்வொரு செடியா கிள்ளியிருக்கீங்க. நீங்கதான் பரப்பியிருக்கீங்க."

மருந்து கிடையாது என்றார். பிடுங்கி மண்ணோடு தூர எறிய வேண்டும், கூடைகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும், கை வைக்குமுன் சோப்பு போட்டு, பாலில் விரலை முக்கிக்கொள்ள வேண்டும், பால் அந்தக் கிருமியை அமுக்கிவிடும். அதைவிட அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தான் பொட்டலத்தையும் தாள் கட்டையும் எடுத்து பிளாட்பாரக் குப்பைத்தொட்டியில் போட்டார். இரண்டு நாளில் அறுபது கூடைகளையும் அவரே காலி செய்தார். அழுதுகொண்டே பிடுங்கினார். கவுன்டர் கண்ணாடி வழியாக நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில், ஒரு பயணி மூன்று தடவை ஊர் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது.

நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. வேலைக்கு வந்தார். கை நடுங்கியது. நடுங்குகிற கையாலேயே புது நாற்றுகளை நட்டார். ஒரு டப்பாவில் பாலோடு ஸ்டூல் மேல் நின்றார். பத்தாம் நாள் தாண்டியது, இருபதாம் நாளும் தாண்டியது. அவர் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் ஸ்டேஷனில் இருந்தார். அக்கா ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருந்தாள், சுவரைத் துடைத்திருந்தாள், முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கிசுகிசுத்தாள். "இன்னையோட இருபத்துமூணு நாள். நான் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா கெட்டுடுமோன்னு பயமா இருக்கு. போன மாசம் நான் படியில மூச்சு முட்டி உக்காந்துட்டேன்ல, அதைப் பார்த்துட்டார்டா."

இங்கே நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். என் வாய்க்கு என்றைக்குப் பூட்டு இருந்தது? அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன், இது தெரியாதா உனக்கு என்று சிரித்தபடி ஆரம்பித்துவிட்டேன். பண்ணைக்கார அம்மா, மஞ்சள் விரல், ஒன்றுவிட்ட தங்கச்சி, பால் டப்பா எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். பாதியில் அவள் முகத்தைப் பார்த்தேன். நிறுத்தத் தெரியாமல் முடித்தேன். அக்கா எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

சாயங்காலம் அத்தான் வந்தார். அவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"ஏன் விட்டீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். உனக்காகத்தான் விட்டேன் என்று அவர் ஒரே ஒரு பொய் சொன்னால் போதும். அவருக்குத்தான் பொய் வராதே.

"செடிக்கு ஆகாதாம்."

"எனக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரே."

"சொன்னார். ஆனா இது என் கண்ணு முன்னால ஒவ்வொண்ணா போச்சு. பார்த்துட்டிருக்க முடியல."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் குரல் உயரவே இல்லை. "உங்களால முடியாதுன்னு நெனச்சேன். அதனாலதான் இத்தனை வருஷம் உங்க மேல எனக்குக் கோவமே வரல. முடியுமாமே."

எதற்காக விட்டால் என்ன, புகை இல்லை அல்லவா, உனக்கும் நல்லதுதானே என்று அவர் கேட்டார். கணக்குப்படி சரிதான். நானும் அதையே சொல்லிப் பார்த்தேன், என் மனைவியும் சொல்லிப் பார்த்தாள். மறுநாள் அக்கா ஒரு பையை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அது ஆகி ஒன்றேகால் வருஷம். டாக்டர், போனது போனதுதான் என்று கையை விரித்துவிட்டார். இப்போது பின்னறையில் ஆக்ஸிஜன் மெஷினோடு படுத்திருக்கிறாள். மூக்கில் குழாய். குளியலறைக்குப் போய் வந்தால் அரை மணி நேரம் இளைக்கிறது. பிளாட்பாரத்துக் கூடைகள் இந்த வருஷம் பேப்பரில் படமாக வந்தன. அத்தான் இன்னும் புகையிலையைத் தொடவில்லை. ஞாயிறுதோறும் மத்தியானம் வந்து, பின்னறை வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறார். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நான் அவளைத் திட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என் ஞாயிற்றுக்கிழமைகள் நாசமாய்ப் போகின்றன.

போன வாரம் அவர் என்னைக் கூடத்துக்கு அழைத்தார். மிகவும் யோசித்து வைத்திருந்ததைச் சொல்கிறவர் மாதிரி பேசினார்.

"மாப்ளே, நான் மறுபடியும் பிடிக்க ஆரம்பிச்சா, இவரால முடியலைதான்னு நெனச்சு வந்துடுவாளா? கேட்டுச் சொல்லு."

விளையாடுகிறாரோ என்று முதலில் கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், விளையாடவில்லை. என் தலையெழுத்து, உள்ளே போய்க் கேட்டேன். அக்கா விழித்துத்தான் இருந்தாள். குழாயை நகர்த்திவிட்டு, இரண்டு இரண்டு வார்த்தையாகப் பேசினாள்.

"அப்ப செடி செத்துடுமே. அதைக் கேளு."

வந்து அப்படியே கேட்டேன். அவர் அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. கையை விரித்து, சுத்தமாக இருந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். உள்ளே அக்காவும் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவள் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை ஆகியிருந்தது. கூடைகளுக்குத் தண்ணீர் விடணும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.